ஓடி ஒளிந்தால் வாரண்ட் ஓடிவிடுமா?

தோட்டப்புறத்துச் சகோதரி ஒருவர் நமக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் சம்மதத்தோடு சில வரிகளை மட்டும் இங்கே தருகிறோம்.

"ஐயா, என் வீட்டுக்காரரு இப்ப குடிக்கிறதில்ல. 14 மாசம் ஆச்சு. சம்பளத்த முழுசா கையில கொண்டாந்து குடுக்கிறாரு. ஆனா ராத்திரியில மோட்டார் சத்தம் கேட்டா போதும், சட்டைகூட போடாம பின்கதவு வழியா செம்பனைக் காட்டுக்குள்ள ஓடிடறாரு. குடிச்சப்ப பயமில்லாத மனுசன், குடிய விட்ட பிறகு பயந்து சாவுறாரு. கேஸு ஆறு வருசம் பழசு. அது தானா போயிடுமா? இல்ல, போய் நின்னா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்களா? நீங்க என்ன சொன்னாலும் கேக்கிறோம்."

தபாலில் பதில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் இது ஒரு வீட்டுச் சங்கதி என்று நமக்குத் தோன்றவில்லை. சம்சுவையோ போதைப்பொருளையோ விட்டொழித்து, மனிதராக நிமிர்ந்து நிற்க முயலும் பலருடைய முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு பழைய வாரண்ட் நிழல்போல் நிற்கிறது. வெளியே சொல்ல வெட்கம், கேட்க ஆளில்லை. ஆகவே பதிலை இந்தப் பகுதியிலேயே சொல்லுகிறோம். அந்தச் சகோதரிக்குச் சொல்வது மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டும்.

நடந்தது என்ன?

ஆறு ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு முந்திய இரவு. குடிபோதையில் பக்கத்து லயத்துக்காரரோடு வாய்த்தகராறு. வாய் கையாக மாறியது. பக்கத்து லயத்துக்காரருக்கு நெற்றியில் தையல். போலீஸ் புகார், கைது, மாஜிஸ்திரேட் கோர்ட்டு. தண்டனைச் சட்டம் 323-ஆம் பிரிவு, அதாவது வேண்டுமென்றே காயம் விளைவித்த குற்றம். இதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

சகோதரியின் அண்ணன் 1,500 வெள்ளி கட்டி ஜாமீன் நின்றார். அவர் தன் மோட்டார் சைக்கிளை விற்றுக் கட்டிய பணம் அது. முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் இவர் கோர்ட்டுக்குப் போனார். மூன்றாம் தவணை அன்று காலையில் நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு சின்ன போத்தலைத் திறந்தார். பிறகு எழுந்தது மறுநாள். கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள், ஆளில்லை. வாரண்ட் பிறந்தது. ஜாமீன் பணம் பறிபோனது. அண்ணன் தங்கையோடு பேச்சு வார்த்தையை விட்டார்.

அதன்பிறகு நான்கு தோட்டம் மாறினார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் குடி கூடவே வந்தது. கடைசியில் வயிறு வீங்கி, மஞ்சள் காமாலை கண்டு, அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகுதான் குடியை விட்டார். 14 மாதமாக விட்டதை விட்டதாகவே இருக்கிறார். இதை நாம் சாதாரணமாக நினைக்கவில்லை. சம்சுவில் பல வருடம் ஊறிய உடம்பு அதை மறந்து ஒரு நாளைக் கழிப்பது என்ன பாடு என்று அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். அந்தத் தொழிலாளிக்கு நமது கையைக் கொடுக்கிறோம். கையைக் கொடுத்துவிட்டு, கசப்பான சில உண்மைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழசானால் வாரண்ட் செத்துவிடுமா?

தோட்டத்தில் ஆளுக்கொரு சட்டம் பேசுவார்கள். "மூணு வருசம் ஓட்டிட்டா வாரண்ட் செத்துரும்" என்பார் ஒருவர். "அடிபட்டவரு மன்னிச்சிட்டா முடிஞ்சிது" என்பார் இன்னொருவர். "மறுவாழ்வு மையத்துக்குப் போயிட்டு வந்தா எல்லாக் கேஸும் அடிபட்டுப் போயிடும்" என்பார் மூன்றாமவர். மூன்றும் தவறு.

நமது நாட்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்லுகிறது. ஒரு கைது வாரண்ட், அதைப் பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, அல்லது அதன்படி ஆள் கைதாகும் வரை, உயிரோடுதான் இருக்கும். ஆறு வருடமானாலும் பதினாறு வருடமானாலும் அதற்கு வயதாவதில்லை. நமக்குத்தான் வயதாகிறது.

போலீஸ் நிலையத்தில் யாரையாவது பிடித்து வாரண்டை "அழித்து" விடலாம் என்பதும் கதை. அழிக்கும் அதிகாரம் போலீசுக்கு இல்லை, கோர்ட்டுக்குத்தான் உண்டு. "முன்னூறு குடு, ஐந்நூறு குடு, உள்ள எனக்கு ஆள் இருக்கு" என்று வருகிற தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பணமும் போகும், வாரண்டும் அப்படியே இருக்கும். அதற்கு மேல் லஞ்சம் கொடுத்த குற்றமும் தலையில் வந்து விழும்.

போதைப்பொருள் வழக்கிலும் இதே கதைதான். 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவின் கீழ், போதைப்பொருளைத் தனக்குத்தானே செலுத்திக்கொண்ட குற்றத்துக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் ஜாமீனில் வந்து, தவணைக்குப் போகாமல் இருந்துவிட்டு, பிறகு மனம் திருந்தி மறுவாழ்வு மையத்தில் இருந்து வந்தவர்களும் நம்மிடையே உண்டு. மையத்தில் கொடுத்த கடிதம் நல்ல கடிதம்தான். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது நீதிபதியின் முன் பேசும். ஆனால் அந்தக் கடிதம் தானாகப் போய் வாரண்டைக் கிழித்துவிடாது.

ஒளிவதற்குக் கொடுக்கும் விலை

"சரி, இத்தனை வருசம் புடிக்கல. இப்படியே காலத்த ஓட்டிடலாமே?" என்று கேட்கலாம். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைக் கணக்குப் பார்ப்போம்.

ஒளிந்து வாழ்பவர் நிலையான வேலைக்குப் போக அஞ்சுகிறார். ஐசி எண் கேட்கிற இடமெல்லாம் அவருக்குப் புலிக்குகை. ஆகவே கையில் காசு கொடுக்கும் குத்தகை வேலைக்கே போகிறார். அங்கே சேமநிதியும் சொக்சோவும் கட்டுவார் இல்லை. குலை வெட்டும்போது மட்டை விழுந்து கை ஒடிந்தால் கேட்க நாதியில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினால் மேடைக்கு எதிரே உட்கார அப்பன் இல்லை. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் ஈரலுக்குச் சிகிச்சைத் தவணை இருக்கிறது, வழியில் ரோட் புளோக் இருக்குமே என்று அதற்கும் போவதில்லை. குடியை விட்டும் உடம்பு தேறாமல் போவதற்கு இதுவே காரணமாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பயமும் சம்சுவும் பழைய கூட்டாளிகள். மூன்றாம் தவணை அன்று காலையில் அந்தப் போத்தலைத் திறக்கச் சொன்னது தாகமா? பயம் அல்லவா? அந்தப் பயம் இன்னும் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. இரவில் காட்டுக்குள் ஓடி, கொசுக்கடியில் குத்தவைத்து, விடிந்தபின் வீடு திரும்புகிறவருக்கு ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், "ஒரு மொடக்கு போட்டா நிம்மதியா தூங்கலாமே" என்று தோன்றாதா? தோன்றும். குடியை விட்டவர்கள் நம்மிடம் மனம்விட்டுச் சொன்னது இது. ஆகவே வாரண்டைத் தீர்ப்பது சட்டத்துக்காக மட்டும் செய்கிற காரியமாக நமக்குத் தெரியவில்லை. 14 மாதமாகக் கட்டிய வீட்டுக்குக் கூரை போடுகிற வேலை அது.

இன்னொன்றும் உண்டு. நாமாகப் போகாவிட்டால், போகும் நேரத்தை மற்றவர்கள் முடிவு செய்வார்கள். மகளின் திருமணத்துக்கு முதல் நாளாக இருக்கலாம். வெளி மாநிலத்து ரோட் புளோக்காக இருக்கலாம். பிடித்துக் கொண்டு போகப்பட்டவரும் தானாக நடந்து வந்தவரும் நீதிபதியின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவார்களா?

முதலில் உடம்பு

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை அவசியம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்னவர் குடியை விட்டு 14 மாதமாகிறது. அவர் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் இன்னும் தினமும் குடிப்பவர், இதைப் படித்த வேகத்தில், "நாளைக்கே சரண்டர் ஆயிடறேன்" என்று கிளம்பிவிடக் கூடாது. பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்த உடம்புக்குத் திடீரென்று மது நின்றுபோனால் கை கால் நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், புத்தி தடுமாறும். வைத்தியம் இல்லாவிட்டால் சிலருக்கு உயிருக்கே ஆபத்து. இது லாக்கப்பில் நேர்ந்தால் என்ன ஆகும்? ஆகவே முதலில் அரசாங்க கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்கள். எவ்வளவு குடிக்கிறோம் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உடம்பு நிலைக்கு வந்த பிறகு கோர்ட்டு.

போதைப்பொருள் பழக்கத்துக்கு மெதடோன் மருந்து குடிப்பவர்களும் இருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டில் நமது நாட்டில் அரசாங்கம் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது. இது தினசரி மருந்து, திடீரென்று நிறுத்தக் கூடாது. கோர்ட்டுக்குப் போகுமுன் கிளினிக்கில் சொல்லி, எந்த மருந்து, எவ்வளவு அளவு என்று டாக்டரின் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வீட்டுக்காரியிடம், ஒரு பிரதி வக்கீலிடம். காவலில் வைக்கப்பட்டால் உடனே அதிகாரியிடம் மருந்து விஷயத்தைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால் துன்பம் உங்களுக்குத்தான்.

போகும் வழி

இனி வழியைச் சொல்லுகிறோம்.

முதலாவது, பழைய காகிதங்களைத் தேடுங்கள். ஜாமீன் ரசீது, குற்றச்சாட்டுத் தாள், தவணைத் தேதி எழுதிய துண்டு, எது கிடைத்தாலும் சரி. அதில் வழக்கு எண் இருக்கும், கோர்ட்டின் பெயர் இருக்கும். காகிதம் இல்லாவிட்டாலும் ஐசி எண்ணும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதும் தெரிந்தால் வக்கீல் தேடிப் பார்ப்பார். வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். நாம் பயந்துகொண்டிருக்கும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, வக்கீல். "வக்கீலுக்கு ஏது ஐயா காசு?" என்பீர்கள். தேசிய சட்ட உதவி அறநிறுவனம், அதாவது யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன், 2011-இல் அமைக்கப்பட்டது. கைது, ரிமாண்ட், ஜாமீன், தண்டனையைக் குறைக்கக் கேட்பது போன்ற குற்றவியல் காரியங்களில் நாட்டின் குடிமக்களுக்கு அதன் வக்கீல்கள் உதவுகிறார்கள். வழக்கு முழு விசாரணைக்குப் போனால் வருமானத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் மாநிலங்களில் உண்டு. தொழிற்சங்கத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கேளுங்கள், வழி காட்டுவார். பிள்ளைகளின் பள்ளிக்கூட ஆசிரியரிடம் கேட்டாலும் தேடிச் சொல்லுவார். நமது கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி, கைதானவர் தமக்கு இஷ்டமான வக்கீலைக் கலந்து பேசும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. காவலில் வைத்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும் என்பதும் அதே விதிதான். இது ஏழைக்கும் உள்ள உரிமை. கெஞ்சி வாங்குவதல்ல.

மூன்றாவது, ஜாமீன்தாரர். போகும் அன்றே உடன் வரக்கூடிய ஒருவர் வேண்டும். ஐசியும் பணமும் கையில் இருக்க வேண்டும். முன்பு தவணைக்குப் போகாதவர் என்பதால் ஜாமீன் தொகை கூடலாம், அதை எதிர்பார்த்துப் போங்கள்.

நான்காவது, நாள். வாரத்தின் முதல் வேலை நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள். விடுமுறைக்கு முந்திய நாள் சாயங்காலம் போனால் விடுமுறை முழுவதும் உள்ளே இருக்க நேரிடலாம். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, மற்றப் பல மாநிலங்களில் சனியும் ஞாயிறும். அந்தந்த ஊர் வழக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, வேலை. தோட்டத் தொழிலாளிக்கு வேலை போனால் லயத்து வீடும் போகும். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லீவு வாங்காமல், தகுந்த காரணத்தை முதலாளிக்குத் தெரிவிக்கவும் முயலாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால், வேலை ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். ஆகவே கோர்ட்டு காரியம் என்று முன்கூட்டியே எழுத்தில் லீவு கேளுங்கள். உள்ளே வைத்துவிட்டால் மறுநாளே வீட்டுக்காரி ஆபீசுக்குப் போய்த் தெரிவிக்க வேண்டும். மண்டோரிடம் வாயால் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

கோர்ட்டில் என்ன நடக்கும்?

வாரண்டை ரத்து செய்யும்படி வக்கீல் கேட்பார். ஏன் வரவில்லை என்று நீதிபதி கேட்பார். அங்கே "பஸ் வரலைங்க, காய்ச்சலுங்க" என்று கதை கட்ட வேண்டாம். குடியில் இருந்தேன், இப்போது விட்டுவிட்டேன், இதோ ஆஸ்பத்திரிச் சீட்டு, இதோ கிளினிக் கடிதம், நானாக வந்திருக்கிறேன் என்று உள்ளதைச் சொல்லுவதே மேல்.

நீதிபதி வாரண்டை ரத்து செய்து மீண்டும் ஜாமீன் கொடுக்கலாம். தொகையைக் கூட்டலாம். ஜாமீன் கொடுக்காமல் வழக்கு முடியும் வரை சிறையில் வைக்கவும் செய்யலாம். "ஒன்னும் ஆகாது, போய்ட்டு வா" என்று நாம் சொன்னால் அது பொய். உத்தரவாதம் தர நம்மால் முடியாது, வக்கீலாலும் முடியாது.

அதன்பிறகு பழைய வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். குற்றத்தை ஒப்புக்கொள்வதா, விசாரணை கேட்பதா என்பதை வக்கீலோடு பேசாமல் முடிவு செய்யாதீர்கள். தண்டனை சொல்லும்போது குற்றவாளியின் குணம், வயது, உடல்நிலை, முன்பு தண்டனை பெற்றவரா என்பதையெல்லாம் பார்த்து, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ, 294 ஆகிய பிரிவுகள் இடம் கொடுக்கின்றன. இது எல்லாக் குற்றத்துக்கும் எல்லா ஆளுக்கும் கிடைப்பதில்லை. ஆனால் 14 மாதம் தெளிவாக இருந்தவர், தானாக வந்து நின்றவர், வேலை செய்து குடும்பத்தைக் காப்பவர் என்றால் அவருக்காகப் பேச வக்கீலுக்கு வாயில் வார்த்தை இருக்கும். ஒளிந்திருந்து பிடிபட்டவருக்காக என்ன பேசுவார்?

நெற்றித் தழும்பு

கடிதத்தில் ஒன்றை நாம் தேடினோம். பக்கத்து லயத்துக்காரர் இப்போது எப்படி இருக்கிறார்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சகோதரி மனம் நோகக் கூடாது, ஆனாலும் கேட்கிறோம். வாரண்டைப் பற்றி நான்கு பக்கம் எழுதினீர்கள் அம்மா, அடிபட்ட மனிதரைப் பற்றி?

கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அந்தத் தீபாவளி அவருக்கு நினைவு வரும். குடித்தவர் மறந்துவிடலாம், அடிபட்டவர் மறப்பதில்லை. வாரண்ட் என்கிற காகிதத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் நெற்றித் தழும்பு இருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்காமல் குடியை விட்டது முழுமையாகுமா?

ஆனால் நேரே வீட்டுக்குப் போய்க் காலைப் பிடிப்பது இப்போது சரியில்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது புகார் கொடுத்தவரைப் போய்ப் பார்த்தால், சாட்சியை மிரட்டினார் என்றுகூட ஆகிவிடும். வக்கீல் மூலமாகச் செய்யுங்கள். இத்தகைய காயவழக்கில் அடிபட்டவர் மனமொப்பி, நீதிமன்றமும் அனுமதித்தால், சமாதானமாக முடித்துக்கொள்ளச் சட்டத்தில் 260-ஆம் பிரிவு உண்டு. அவர் சம்மதிக்கவில்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மன்னிப்பது அவர் உரிமை. அவரைக் கட்டாயப்படுத்த லயத்துப் பெரியவர்கள் யாரும் கிளம்ப வேண்டாம்.

அடுத்து, மோட்டார் சைக்கிளை விற்று ஜாமீன் நின்ற அண்ணன். மைத்துனர் மூன்றாம் தவணைக்கு வந்திருந்தால் அவர் பணம் திரும்பி வந்திருக்கும். மாதம் ஐம்பதோ நூறோ, முடிந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துத் தொடங்குங்கள். வாங்க மாட்டேன் என்று வீசி எறிந்தாலும் அடுத்த மாதமும் கொண்டுபோங்கள். கோர்ட்டு வாசலில் துணைக்கு நிற்க ஆள் தேடும்போது, ஒருவேளை அந்த அண்ணனே வந்து நிற்பார்.

தோட்டத்து மக்களுக்கு

கடைசியாக நமது பாட்டாளி மக்களுக்கும் ஒரு வார்த்தை.

குடி நம்மிடம் எப்படி வந்தது என்பது நமக்குத் தெரியும். சஞ்சிக்கூலிகளாக வந்த நம் பாட்டன்மார்களுக்கு லயத்துக்கு அருகிலேயே கள்ளுக்கடை வைத்துக் கொடுத்தார்கள். காலையில் பாலெடுத்துச் சம்பாதித்த காசு மாலையில் கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போயிற்று. அதை எதிர்த்தவர்களும் நம்மவர்களே. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. அந்தப் போராட்டத்தில் முன்னின்ற ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பிறகு 1946, 1947-இல் கெடாவில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தது. கள் போய்ச் சம்சு வந்தது, சம்சுவோடு போதைப்பொருளும் வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டதையும் பார்த்தோம்.

ஆகவே ஒருவர் குடிகாரரானதற்கு அவர் ஒருவரே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அடித்த கை அவருடையது. தவணைக்குப் போகாத கால் அவருடையது. பழியைப் பாட்டன் காலத்துக் கள்ளுக்கடை மேல் போட்டுவிட்டுப் பின்கதவு வழியாக ஓட முடியாது.

அதே சமயம், திருந்தியவரைத் திருந்த விடாமல் செய்கிறவர்களும் நம்மில் உண்டு. "என்னடா சாமியாரே, ஒரு கிளாஸ் போடு" என்று இழுக்கிற கூட்டாளிகள். "பழைய குடிகாரன்தானே, எத்தனை நாளைக்கு?" என்று கேலி பேசுகிற வாய்கள். கோபத்தில், "போலீசுக்குப் போன் போடவா?" என்று அந்த வாரண்டையே ஆயுதமாகக் காட்டி மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்களாம். அந்த மிரட்டலால் எந்த நியாயமும் நடக்கப்போவதில்லை. ஒரு மனிதரைத் திரும்பவும் போத்தலிடம் துரத்திவிடுவதே அதன் பலன். கோவில் கமிட்டி, சங்கக் கமிட்டி, இளைஞர் மன்றம் என்று தோட்டத்தில் எத்தனையோ இருக்கின்றன. திருவிழாவுக்குப் பந்தல் போட நாற்பது பேர் வருகிறோம். கோர்ட்டுக்குப் போகிறவருக்குத் துணையாக நான்கு பேர் போகக் கூடாதா? அவர் உள்ளே இருக்க நேர்ந்தால் அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி போகக் கூடாதா?

சகோதரிக்கு நமது பதில் இதுதான் அம்மா. கேஸ் தானாகப் போகாது. போய் நின்றால் என்ன ஆகும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு வாரமோ ஒரு மாதமோ அதற்கு மேலுமோ அவர் உள்ளே இருக்க நேரலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள், "அப்பா செஞ்ச தப்பச் சரி பண்ணப் போறாரு" என்று. அவர்கள் அதைத் தாங்குவார்கள். இரவில் அப்பா சட்டையில்லாமல் காட்டுக்குள் ஓடுவதைப் பார்க்கிற பிள்ளைகள் இதைவிடப் பெரியதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் நாம் சொன்னதாகச் சொல்லுங்கள். முதல் வேலையாக அடுத்த கிளினிக் தவணைக்குப் போகட்டும், கடிதம் வாங்கட்டும். பிறகு வக்கீலைப் பார்க்கட்டும். அதற்கடுத்து ஒரு நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பின்கதவைத் தாழிட்டுவிட்டு, முன்வாசல் வழியாக நடந்து போகட்டும். அன்றைக்கு என்ன தீர்ப்பு வந்தாலும், அதன்பிறகு மோட்டார் சத்தம் கேட்டால் அது வெறும் மோட்டார் சத்தமாக இருக்கும்.

போய்விட்டு வந்து எழுதுங்கள் அம்மா. நாம் காத்திருக்கிறோம்.